ஹைப்ரிட் கார் வாங்கலாமா? – மலைச்சாலை சொல்லும் கணக்கு

"லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர்!" கார் விளம்பரத்தில் இப்படி ஓர் எண்ணைக் கண்டதும் நம்மில் பலருக்கு மனம் துள்ளுகிறது. பெட்ரோல் விலை ரூ.100ஐத் தொட்டு நிற்கும் காலத்தில் இது இயல்பே. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைப்ரிட் கார்கள் இன்று நடுத்தரக் குடும்பங்களின் பேச்சில் அடிபடுகின்றன. சேர்வராயன் மலையில் ஒரு வாதம் கூடுதலாகக் கேட்கிறது. "பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலைத் திரும்பப் பிடிக்கும் கார் இது. மலையிறக்கத்தில் நாம் ஓயாமல் பிரேக் போடுகிறோம். ஆகவே ஹைப்ரிட் கார் மலைக்காரருக்கென்றே செய்தது" என்பதே அவ்வாதம்.

கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டரை லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கும் முன் இதைப் பள்ளிப் பௌதிகத்தைக் கொண்டு சோதித்துப் பார்க்க வேண்டாமா? ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த மாரமங்கலத்தில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிறிது காப்பியும் மிளகும் பயிரிடுகிறார்கள். வாரம் ஒருமுறை சேலத்துக்கு இறங்கி ஏறுகிறார்கள். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டம். இவர்கள் ஹைப்ரிட் கார் வாங்கலாமா? இக்கேள்வியை வைத்துக்கொண்டு வண்டியையும் விளம்பரத்தையும் சேர்த்தே ஆராய்வோம்.

பெயர் ஒன்று, பொருள் இரண்டு

எஞ்சினையும் மின்மோட்டாரையும் இணைக்கும் எண்ணம் புதிதன்று. 1900ஆம் ஆண்டிலேயே ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ற பொறியாளர் வியன்னாவின் லோனர் நிறுவனத்துக்காக அப்படியொரு வண்டியைச் செய்து காட்டினார். ஆனால் பெரும் அளவில் விற்பனைக்கு வந்த முதல் ஹைப்ரிட் கார் ஜப்பானில் 1997 டிசம்பரில் வெளியான டொயோட்டா பிரியஸ்தான். இந்தியாவில் 2008இல் ஹோண்டா சிவிக் ஹைப்ரிட்டும் 2010இல் பிரியஸும் விற்பனைக்கு வந்தன. இரண்டுமே சாமானியர் எட்டும் விலையில் இல்லை. 2022இல் டொயோட்டா அர்பன் குரூசர் ஹைரைடரும், அதன் உடன்பிறப்பான மாருதி சுசூகி கிராண்ட் விட்டாராவும், ஹோண்டா சிட்டியின் ஹைப்ரிட் வகையும் வந்த பிறகே இது நடுத்தரக் குடும்பத்தின் கேள்வியாயிற்று.

இங்கே முதல் குறையைச் சொல்லியாக வேண்டும். ஹைப்ரிட் என்ற ஒரே பெயரில் நம் நாட்டில் இரண்டு வேறுபட்ட பொருள்கள் விற்கப்படுகின்றன. விற்பனையாளர்கள் அவற்றை 'மைல்டு' என்றும் 'ஸ்ட்ராங்' என்றும் சொல்கிறார்கள். நமது வசதிக்காகத் துணை ஹைப்ரிட், முழு ஹைப்ரிட் என்று அழைப்போம்.

துணை ஹைப்ரிட்டில் உள்ள மின்கருவி உண்மையில் ஒரு பெரிய ஸ்டார்ட்டர் மோட்டாரும் டைனமோவும் சேர்ந்ததுதான். சிக்னலில் எஞ்சின் தானே நின்று தானே கிளம்ப அது உதவுகிறது. வேகமெடுக்கும்போது எஞ்சினுக்குச் சிறிது தோள் கொடுக்கிறது. தனியாகக் காரை ஓட்ட அதனால் முடியாது. மாருதி சுசூகி 2015இல் சியாஸ் டீசல் காரில் இதைப் புகுத்தியது. மின்வாகன ஊக்கத் திட்டத்தின்கீழ் மத்திய அரசு அப்போது இவ்வகைக் கார்களுக்கும் சலுகை அளித்தது. 2017 ஏப்ரல் முதல் துணை ஹைப்ரிட்டுகளுக்கு அச்சலுகை நிறுத்தப்பட்டது. சலுகை போன பின்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. காரின் பின்புறம் ஹைப்ரிட் என்று எழுதியிருப்பதால் மட்டும் அது மின்சாரத்தில் ஓடும் என்று எண்ணிவிடாதீர்கள்.

முழு ஹைப்ரிட் வேறு. கிராண்ட் விட்டாராவின் முழு ஹைப்ரிட் வகையில் 1,490 கன செ.மீ. கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் எஞ்சினும், தனியாகவே காரை நகர்த்தவல்ல மின்மோட்டாரும், லித்தியம் அயனி பேட்டரியும் உள்ளன. எஞ்சின் அட்கின்சன் சுற்று என்னும் முறையில் இயங்குகிறது. இதில் உள்ளிழுப்பு வால்வு சற்றுத் தாமதமாக மூடுகிறது. ஆகவே வாயு சுருங்கும் அளவைவிட விரியும் அளவு அதிகம். விரிவிலிருந்துதானே நமக்கு வேலை கிடைக்கிறது? எனவே பெட்ரோலின் ஆற்றலில் அதிகப் பங்கு பயன்படுகிறது. ஆனால் குறைந்த சுழற்சியில் இவ்வெஞ்சினின் இழுவிசை குறைவு. அக்குறையை மின்மோட்டார் ஈடுசெய்கிறது. ஒருவர் குறையை மற்றவர் நிறைக்கும் நல்ல கூட்டு என்பதில் ஐயமில்லை.

சிக்னலும் மலையும்

இப்போது நமது கணக்குக்கு வருவோம். காரும் அதில் ஏறிய நால்வரும் சேர்ந்து 1,600 கிலோகிராம் என்று கொள்வோம்.

சேலம் நகரில் இந்தக் கார் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வந்து ஐந்து ரோடு சிக்னலில் நிற்கிறது. நிற்கும்போது அது இழக்கும் இயக்க ஆற்றல் எவ்வளவு? நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஏறத்தாழ 99,000 ஜூல் என்று விடை வரும். மின்சார வாரியத்தின் யூனிட் கணக்கில் இது 0.027 யூனிட். (ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல்.) சாதாரணக் காரில் இது முழுவதும் பிரேக் தகட்டைச் சூடாக்கி வீணாகிறது. ஹைப்ரிட்டில் மோட்டாரே டைனமோவாக மாறிச் சக்கரத்தைத் தடுக்கிறது. கிடைக்கும் மின்சாரம் பேட்டரிக்குப் போகிறது.

அந்தப் பேட்டரியின் முழுக் கொள்ளளவு 0.76 யூனிட். வீட்டில் ஒரு மின்விசிறியைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டப் போதுமான அளவு. சிறியதுதான், ஆனால் சிக்னல் வேலைக்கு இதுவே தாராளம். ஒரு நிறுத்தத்தின் ஆற்றலைப்போல் 28 மடங்கு அதில் அடங்கும். நின்றதும் பிடித்த ஆற்றல் கிளம்பும்போது செலவாகிவிடும். அடுத்த சிக்னலுக்கு இடம் காலியாக இருக்கும். சிறு குடத்தை நிரப்பி நிரப்பிக் கவிழ்ப்பதுபோல இது நடக்கிறது.

இனி மலைக்கு வாருங்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏற்றத்தை 1,000 மீட்டர் என்றும் மலைப்பாதையின் நீளத்தை 20 கி.மீ. என்றும் முழு எண்ணாகக் கொள்வோம். குப்பனூர் வழியாக இறங்கினாலும் கணக்கின் சாரம் மாறாது. மலையுச்சியில் நிற்கும் நமது காரின் நிலையாற்றல், நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம் என்ற சூத்திரப்படி, 1,600 × 9.8 × 1,000 = 1 கோடியே 57 லட்சம் ஜூல். அதாவது 4.4 யூனிட்.

சிக்னலில் 0.027, மலையில் 4.4! ஒருமுறை மலையிறங்குவது 160 சிக்னல்களில் அடுத்தடுத்து நிற்பதற்குச் சமம். இடையில் ஒருமுறைகூடக் கிளம்பாமல் நின்றுகொண்டே இருக்கும் 160 நிறுத்தங்கள். நிரப்பிய குடத்தைக் கவிழ்க்க வாய்ப்பே இல்லை. மலைக்காரருக்கென்றே செய்த கார் என்ற வாதம் இங்கேதான் தடுமாறுகிறது.

நான்காவது வளைவில் நிரம்பும் குடம்

இந்த 4.4 யூனிட்டும் நமக்குக் கிடைக்குமா என்றால், கிடைக்காது. டயர்களின் உருளல் தடைக்கும் காற்றின் தடைக்கும் 20 கி.மீ. தூரத்தில் ஏறத்தாழ 45 லட்சம் ஜூல் போய்விடும். மிஞ்சுவது ஏறத்தாழ 3.1 யூனிட். இதைச் சக்கரத்திலிருந்து மோட்டாருக்கும், மோட்டாரிலிருந்து பேட்டரிக்கும் கொண்டுபோகும் வழியில் மூன்றில் ஒரு பங்கு இழப்பாகும் என்று வைத்தால், சேமிக்கத்தக்கது 2 யூனிட்.

கையில் இருப்பதோ 0.76 யூனிட் பேட்டரி. அதையும் அடிமுதல் நுனிவரை காலிசெய்து நிரப்புவதில்லை. பேட்டரியின் ஆயுளைக் காக்க, கட்டுப்பாட்டுக் கருவி அதை நடுத்தர நிலையிலேயே வைத்திருக்கிறது. இறங்கத் தொடங்கும்போது பாதி நிரம்பியிருக்கிறது என்று கொண்டால் இன்னும் கொள்ளக்கூடியது 0.38 யூனிட். இரண்டு யூனிட்டில் இது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இருபது வளைவுகளில் நான்காவது வளைவைக் கடக்கும்போதே குடம் நிரம்பிவிடுகிறது. மிச்சமுள்ள பதினாறு வளைவுகளிலும் கிடைப்பது வழிந்து போகிறது.

அப்படிப் பிடித்த 0.38 யூனிட்டின் மதிப்பு என்ன? அதே வேலையை எஞ்சின் செய்ய வேண்டுமானால் 130 மில்லி லிட்டர் அளவுக்குப் பெட்ரோல் செலவாகும். லிட்டர் ரூ.100 என்று கொண்டால் பதின்மூன்று ரூபாய். பேட்டரி சுத்தமாகக் காலியாக இருந்து முழுவதும் நிரம்பியதாகவே வைத்துக்கொண்டாலும் இருபத்தேழு ரூபாயைத் தாண்டாது.

ஒப்பிட்டுப் பார்க்க ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். சேலம் வழியாக ஓடும் மும்முனை மோட்டார் பொருத்திய மின்சார ரயில் எஞ்சின்களும் பிரேக் போடும்போது மின்சாரம் உண்டாக்குகின்றன. ஆனால் அதைப் பேட்டரியில் சேர்ப்பதில்லை. மேலே செல்லும் மின்கம்பிக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. அந்தப் பாதையில் ஓடும் இன்னொரு ரயில் அதை எடுத்துக்கொள்ளலாம். ரயிலுக்குக் கிடைத்திருப்பது ஆறு. நமது ஹைப்ரிட்டுக்குக் கிடைத்திருப்பது குடம்.

இதில் பாதுகாப்பைப் பற்றிய செய்தி ஒன்றும் அடங்கியிருக்கிறது. பேட்டரி நிரம்பியதும் மின்பிரேக்கின் தடுப்பு குறைந்துவிடும். அதன்பின் பல முழு ஹைப்ரிட் கார்களில் எஞ்சினைச் சும்மா சுழற்றி வேகத்தைத் தணிக்கும் ஏற்பாடு உண்டு. கியர் நெம்புகோலில் 'பி' என்ற நிலை இதற்காகவே இருக்கிறது. மலையிறக்கத்தில் அதைப் பயன்படுத்துவதே முறை. மின்பிரேக் முழுவதும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி, கடைசி வளைவுகளில் கால் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் பிரேக் தகடுகள் சூடேறும். எந்தக் காருக்கும் உள்ள ஆபத்து இதற்கும் உண்டு.

ஏற்றத்தில் என்ன நடக்கிறது?

"இறக்கத்தில் இலாபம் இல்லாவிட்டால் போகட்டும், ஏற்றத்தில் இலாபம் இருக்குமே?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, ஆனால் நகரத்தில் கிடைப்பதுபோல் இல்லை. காரணம் சுவையானது.

பெட்ரோல் எஞ்சின் மிக மோசமாக வேலை செய்வது அரை வயிற்றோடு இருக்கும்போதுதான். நகர நெரிசலில் ஊர்ந்து செல்லும் காருக்கு ஐந்தாறு கிலோவாட் திறனே போதும். ஆனால் எஞ்சினோ அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் தரவல்லது. அந்த நிலையில் அது பெட்ரோலின் ஆற்றலில் பெரும்பங்கை வெப்பமாக வீணடிக்கிறது. முழு ஹைப்ரிட்டின் உண்மையான வித்தை பிரேக்கில் மட்டும் இல்லை. இப்படி எஞ்சின் வீணாகும் நேரங்களில் அதை அணைத்துவிட்டு மின்மோட்டாரில் ஊர்ந்து செல்வதில்தான் இருக்கிறது.

மலையேற்றத்தில் அந்த வாய்ப்பு ஏது? எஞ்சின் இடைவிடாமல் இழுத்தாக வேண்டும். பேட்டரியில் உள்ளது இரண்டொரு வளைவுக்கே காணும். நல்ல சுமையில் இழுக்கும்போது சாதாரண எஞ்சினும் தன் சிறந்த பயனுறுதிறனுக்கு அருகில் வந்துவிடுகிறது. அட்கின்சன் எஞ்சினின் மேன்மை மட்டும் மிஞ்சுகிறது.

எண்ணில் பார்ப்போம். ஏறுவதற்குச் சக்கரங்களுக்குத் தேவை 1.57 கோடி ஜூலும் தடைகளுக்கான 45 லட்சமும் சேர்ந்து ஏறத்தாழ 2 கோடி ஜூல். சாதாரணக் காரின் மொத்தப் பயனுறுதிறன் 28 சதவீதம், ஹைப்ரிட்டுடையது 34 சதவீதம் என்று கொள்வோம். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் லிட்டருக்கு ஏறத்தாழ 3 கோடி ஜூல் ஆற்றல் உள்ளது. கணக்கிட்டால் சாதாரணக் கார் 2.4 லிட்டரும், ஹைப்ரிட் 2 லிட்டரும் குடிக்கும். மிச்சம் 0.4 லிட்டர். அதாவது நாற்பது ரூபாய்.

இறக்கத்திலோ இன்னொரு செய்தி. இன்றைய பெட்ரோல் எஞ்சின்களில் கியரில் வைத்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால், எஞ்சினுக்குப் பெட்ரோல் செல்வதைக் கட்டுப்பாட்டுக் கருவியே நிறுத்திவிடுகிறது. சாதாரணக் காரும் மலையிறங்கும்போது ஏறத்தாழ பெட்ரோல் குடிப்பதில்லை! குடிக்காததில் எதை மிச்சப்படுத்துவது?

ஆக, ஒருமுறை ஏறி இறங்கினால் ஹைப்ரிட்டின் இலாபம் ஏற்றத்தில் நாற்பதும் இறக்கத்தில் பதின்மூன்றும் சேர்ந்து ஐம்பத்து மூன்று ரூபாய். வாரம் ஒருமுறை வீதம் ஆண்டுக்கு 52 பயணங்கள் என்றால் ரூ.2,756.

கூடுதல் விலை எப்போது திரும்பும்?

இப்போது மொத்த ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். 2022 செப்டம்பரில் கிராண்ட் விட்டாரா வெளியானபோது தானியங்கி கியர் கொண்ட துணை ஹைப்ரிட் ஜீட்டா வகையின் ஷோரூம் விலை ரூ.15.39 லட்சம். முழு ஹைப்ரிட் ஜீட்டா பிளஸின் விலை ரூ.17.99 லட்சம். வித்தியாசம் ரூ.2.60 லட்சம். விலைகள் பின்னர் மாறியுள்ளன. இரு வகைகளிலும் உள்ள வசதிகளும் முற்றிலும் ஒன்றல்ல. ஆயினும் கணக்கின் வழி விளங்க இது போதும். அறிவிக்கப்பட்ட மைலேஜ் முறையே 20.58, 27.97.

ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓடினால் முதலாவதற்கு 486 லிட்டர், இரண்டாவதற்கு 358 லிட்டர். மிச்சம் 128 லிட்டர், ரூ.12,800. கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்பிவர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகும். அந்தப் பேட்டரிக்கு நிறுவனம் தரும் உத்தரவாதம் 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கி.மீ. என்பதை இதனருகில் வைத்துப் பாருங்கள்.

சேலம் நகருக்குள்ளேயே நாள் முழுவதும் ஓடும் வாடகைக் காரை எடுத்துக்கொள்வோம். ஐந்து ரோடு, செவ்வாய்ப்பேட்டை, புதிய பேருந்து நிலையம் என்று நெரிசலில் ஆண்டுக்கு 40,000 கி.மீ. ஓடுகிறது. நெரிசலில் சாதாரணக் கார் லிட்டருக்கு 13 கி.மீ.யும் ஹைப்ரிட் 20 கி.மீ.யும் தருவதாகக் கொண்டால், ஆண்டுக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் மிச்சம். இரண்டரை ஆண்டுகளில் கூடுதல் விலை திரும்பிவிடும். அதன்பின் வருவதெல்லாம் இலாபம். ஒரே கார், ஒருவருக்கு இருபது ஆண்டு, மற்றவருக்கு இரண்டரை ஆண்டு. விளம்பரத்தில் உள்ள எண்ணோ இருவருக்கும் ஒன்றே.

அந்த எண் எங்கிருந்து வருகிறது?

27.97 என்பது பொய்யான எண் என்று நான் கூறவில்லை. அது எங்கே, எப்படிப் பெறப்பட்டது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். காரை ஓர் ஆய்வுக்கூடத்தில் உருளைகளின்மேல் நிறுத்தி, இந்திய ஓட்டச் சுழற்சி என்னும் அட்டவணைப்படி 1,180 வினாடிகள் ஓட்டுகிறார்கள். வேகம் ஏறும், இறங்கும், நிற்கும். உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. மணிக்கு 50 கி.மீ.யைத் தாண்டாத நகர ஓட்டமே அதில் பெரும்பகுதி. நின்று கிளம்பும் ஓட்டம் ஹைப்ரிட்டின் சொந்த ஊர் அல்லவா? ஆகவே அந்தத் தேர்வில் அது முதல் வகுப்பில் தேறுவதில் வியப்பில்லை.

அந்தத் தேர்வில் மலை இல்லை. ஒரு மீட்டர் ஏற்றம்கூட இல்லை. கார்களை ஒன்றோடொன்று ஒப்பிட ஒரு பொதுத் தேர்வு வேண்டும் என்பது சரியே. ஆனால் விளம்பரம் அந்த எண்ணைத் தேர்விலிருந்து பிய்த்தெடுத்து, 'நீங்கள் ஓட்டினால் கிடைக்கும்' என்ற தொனியில் வைக்கிறது. நகரம், நெடுஞ்சாலை, மலை என்று மூன்று எண்களைத் தனித்தனியே அச்சிட்டால் வாங்குபவர் ஏமாற மாட்டார். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை என்று இத்தனை மலையூர்கள் உள்ள மாநிலத்தில் இப்படிக் கேட்பது பேராசை ஆகாது.

வரியும் எடையும்

வரி விதிப்பிலும் ஒரு வேடிக்கை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி விகிதப்படி, 4 மீட்டர் நீளத்துக்கும் 1,200 கன செ.மீ. எஞ்சினுக்கும் உட்பட்ட பெட்ரோல் ஹைப்ரிட்டுக்கு 18 சதவீதம். அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம். மின்கார்களுக்கு 5 சதவீதம். நாம் பார்த்த கிராண்ட் விட்டாரா இரண்டு எல்லைகளையும் தாண்டிவிடுவதால் 40 சதவீத வகுப்பில் சேர்கிறது. லிட்டருக்கு 28 கி.மீ. தரும் ஹைப்ரிட்டும், 10 கி.மீ. தரும் பெரிய பெட்ரோல் வண்டியும் ஒரே வரிசையில் நிற்கின்றன. வரி காரின் நீளத்தை அளக்கிறது. அது குடிக்கும் பெட்ரோலை அளக்கவில்லை.

ஆனால் இந்த வரியில் ஓர் உண்மை மறைமுகமாக ஒளிந்திருக்கிறது. சிறிய கார் என்பது எடை குறைந்த கார். மலையேற்றத்தில் எடைதான் எல்லாம். 800 கிலோவுக்கு உட்பட்ட ஆல்டோ கே10 போன்ற ஒரு சின்னக் காரில் அதே நால்வர் ஏறினால் மொத்தம் 1,100 கிலோ. நமது சூத்திரத்தில் 1,600க்குப் பதில் 1,100ஐ இட்டுப் பாருங்கள். ஏறுவதற்குத் தேவையான ஆற்றல், தடைகளையும் சேர்த்து, 1.4 கோடி ஜூல். சாதாரண எஞ்சினின் 28 சதவீதப் பயனுறுதிறனிலேயே 1.7 லிட்டர் பெட்ரோல் போதும். ஹைப்ரிட் கேட்டது 2 லிட்டர்! மின்மோட்டார், பேட்டரி, கணிப்பொறி எல்லாம் சேர்ந்து மலையில் மிச்சப்படுத்துவதைவிட 500 கிலோ இரும்பைக் கீழேயே விட்டுவிட்டு வருவது அதிகம் மிச்சப்படுத்துகிறது. 2022 ஆகஸ்டில் இந்தக் கார் வெளியானபோது அதன் தொடக்க விலை ரூ.3.99 லட்சம். இட வசதி, விபத்துப் பாதுகாப்பு இவற்றில் பெரிய கார் மேலானது என்பது உண்மை. அதற்காக ஒருவர் பெரிய காரைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் எரிபொருள் சிக்கனத்துக்காகப் பெரிய காரை வாங்குகிறேன் என்று சொன்னால் பௌதிகம் ஒப்புக்கொள்ளாது.

மின்கார் எப்படி?

முழு மின்காரில் குடம் பெரியது. டாடா டியாகோ மின்காரில் 2022இல் அறிமுகமான பெரிய பேட்டரியின் கொள்ளளவு 24 யூனிட். மலையிறக்கத்தில் கிடைக்கும் ஏறத்தாழ 2 யூனிட்டையும் அது முழுவதுமாக வாங்கிக்கொள்ளும். ஏற்றத்துக்குச் செலவாகும் 6 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு இறக்கத்தில் திரும்பிவிடுகிறது. 'மலைக்கென்றே செய்தது' என்ற புகழ்ச்சி யாருக்காவது பொருந்துமென்றால் இதற்குத்தான் பொருந்தும்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. மலைமேல் வீட்டில் இரவெல்லாம் சார்ஜ் ஏற்றி, காலையில் நூறு சதவீதத்தோடு இறங்கத் தொடங்கினால் நிரம்பிய குடத்தில் மேலும் நீர் ஊற்றும் கதைதான். மலைவாசி ஒருவர் பேட்டரியில் பத்து சதவீத இடத்தையாவது காலியாக விட்டுவைத்து இறங்குவதே அறிவுடைமை. சமவெளிக்காரருக்கு எழுதிய கையேட்டை அப்படியே பின்பற்றினால் மலையின் கொடை வீணாகும்.

எனவே, வாங்கலாமா?

நமது மாரமங்கலம் குடும்பத்துக்கு என் விடை: பெட்ரோல் மிச்சமாகும் என்பதற்காக முழு ஹைப்ரிட் காரை வாங்க வேண்டாம். பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அதன் கூடுதல் விலை திரும்பாது. மலை அதைத் திருப்பித் தராது. பேட்டரி பின்பக்க இடத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வதால் மிளகு மூட்டைக்கும் பலாப்பழத்துக்கும் இடம் குறையும். நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஏற்பாடு தோட்டத்துச் சேற்றுப் பாதைக்கு உதவுவது. 2022இல் கிராண்ட் விட்டாரா வெளிவந்தபோது அது துணை ஹைப்ரிட் வகையில்தான் இருந்தது, முழு ஹைப்ரிட்டில் இல்லை. ஓசையின்றி மென்மையாக ஓடுகிறது, எஞ்சின் புகை குறைகிறது என்ற காரணங்களுக்காக வாங்குவதானால் அது அவரவர் விருப்பம். அதற்கு விலை உண்டு என்பதை அறிந்து வாங்கட்டும்.

நகர நெரிசலில் ஆண்டுக்கு முப்பது, நாற்பதாயிரம் கி.மீ. ஓட்டுபவர் தயங்காமல் வாங்கலாம். அவருக்கு இது மிகச் சிறந்த இயந்திரம். வண்டியில் குறை இல்லை. நெரிசலுக்குச் செய்த வண்டியை மலைக்கும் நெடுஞ்சாலைக்கும் ஒரே எண்ணைக் காட்டி விற்பதில்தான் குறை.

கார் வாங்கும் எண்ணமுள்ள வாசகர்கள் கடைக்குப் போகுமுன் ஒரு மாதம் இதைச் செய்து பாருங்கள். இப்போதுள்ள வண்டியில் ஓடிய தூரத்தை ஒரு தாளில் நகரம், நெடுஞ்சாலை, மலை என்று மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதுங்கள். நகரப் பத்தி மற்ற இரண்டையும்விடப் பெரிதாகவும், ஆண்டு மொத்தம் 25,000 கி.மீ.க்கு மேலும் வந்தால் ஹைப்ரிட்டைப் பற்றி யோசிக்கலாம். மாணவ வாசகர்களுக்கு இன்னொரு வேலை. உங்கள் ஊரிலிருந்து அருகிலுள்ள மலையூருக்கு எத்தனை மீட்டர் ஏற்றம் என்று தெரிந்துகொண்டு, நால்வர் ஏறிய காரின் நிலையாற்றலை யூனிட்டில் கணக்கிடுங்கள். அதை 0.76ஆல் வகுத்தால் என்ன வருகிறது என்று வீட்டில் கார் வாங்க நினைக்கும் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள்.